எம். ஆர். ஜேம்சின் பேய்க் கதை ஒலிநூல்கள்

எம். ஆர். ஜேம்சின் பேய்க் கதை ஒலிநூல்கள் என்பன ஆங்கில எழுத்தாளரும் இடைக்காலச் சுவடியியல் அறிஞருமான மொன்டேகு ரோட்ஸ் ஜேம்ஸ் (ஆகஸ்ட் 1, 1862 - ஜூன் 12, 1936) எழுதிய பேய்க் கதைகளை உரக்கப் படித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவுகள் ஆகும். இக்கதைகளுள் பல, அச்சேறுவதற்கு முன்னரே நண்பர்களுக்குப் படித்துக் காட்டப்பட்டவை. ஆதலால் ஒலிநூல் இவற்றின் முதல் வடிவத்துக்கு நெருக்கமானது.

தோற்றம்

1893 அக்டோபர் 28 அன்று கேம்பிரிட்ஜில், சிட்சாட் கழகம் என்னும் சிறு குழுவின் கூட்டத்தில் ஜேம்ஸ் தமது இரு கதைகளைப் படித்தார். பின்னர் கிங்ஸ் கல்லூரியில், கிறிஸ்துமஸ் காலத்தில் தமது அறையில் கூடும் நண்பர்களுக்குக் கதை படிப்பது வழக்கமாயிற்று. ஒரு மெழுகுவர்த்தியைத் தவிர ஏனையவற்றை அணைத்துவிட்டு, அதன் ஒளியில் கையெழுத்துப் படியைப் படிப்பார். முதல் தொகுதி 1904 இல் வெளிவந்தது.

கேட்டலின் இயல்பு

ஜேம்சின் கதைகளில் அச்சம் மெல்ல மெல்ல வளர்கிறது. ஒரு கதையில், பேராசிரியர் ஒருவர் பழைய இடிபாடுகளில் கண்டெடுத்த ஊதலை ஊதிப் பார்க்கிறார். அதன் பின்விளைவுகள் ஆரவாரமற்ற நடையில் கூறப்படுகின்றன. நூலைப் படிப்பவர் பக்கங்களைத் தாண்டி முடிவை முன்கூட்டியே பார்த்துவிடலாம். கேட்பவரோ பெரும்பாலும் படிப்பவரின் வேகத்துக்கும் இடைநிறுத்தங்களுக்கும் கட்டுப்பட்டவர். நாட்டுப்புற மாந்தரின் வட்டார ஆங்கிலமும் இலத்தீன் தொடர்களும் தாளில் தடையாகத் தோன்றினாலும், தேர்ந்த குரலில் தெளிவு பெறுகின்றன.

சுருக்கப்பட்ட பதிப்புகளில் சுவடிகள், தேவாலயங்கள் பற்றிய விவரிப்புகள் நீக்கப்படுவதுண்டு. கதையை உண்மை போலத் தோன்றச் செய்பவை அவ்விவரிப்புகளே ஆதலால், அவை குறையும்போது அச்சமும் குறைகிறது.

வாசிப்புகளும் பதிவுகளும்

நடிகர் மைக்கேல் ஹோர்டர்ன் 1980களில் இக்கதைகளை ஒலிநாடாவுக்காகப் படித்தார். மேற்கூறிய ஊதல் கதையைத் தழுவி 1968 இல் பிபிசி ஒளிபரப்பிய படத்தில் பேராசிரியராக நடித்தவரும் இவரே. 2000 ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் லீ, ஜேம்சாக வேடமேற்று பிபிசி தொலைக்காட்சியில் கதைகளைக் கூறினார்.

ஐக்கிய இராச்சியத்தில், ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் நிறைவுற்ற 2006 ஆம் ஆண்டின் இறுதியுடன், அவர் வாழ்நாளில் வெளியான கதைகளின் பதிப்புரிமை முடிவுற்றது. 2005 இல் தொடங்கப்பட்ட லிப்ரிவாக்ஸ் திட்டத்தில், அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை நீங்கிய நூல்களைத் தன்னார்வலர்கள் படித்துப் பதிவு செய்கின்றனர். 1904 ஆம் ஆண்டுத் தொகுதி அதில் இலவசமாகக் கிடைக்கிறது. பார்வைக் குறைபாடு உடையோரும் ஆங்கிலம் பயிலும் மாணவரும் இதனைப் பயன்படுத்தலாம்.