நெய்தலின் போர்ப்பூ

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், மாரி தொடங்கியதும் வளவுகளில் தானாக முளைப்பது தும்பை. முழங்கால் உயரம், நகமளவு வெள்ளைப் பூ. கோடை வர விதை உதிர்த்து மடிந்துவிடும். புல் செருக்கும்போது முதலில் போவதும் இதுவே.

தொல்காப்பியர் இப்பூவின் பெயரால் ஒரு போரையே வகுத்து, அதனை நெய்தலுக்குப் புறனாக வைத்தார். ஆநிரைக்காகவோ மண்ணுக்காகவோ அன்றி, வலிமையை நிலைநாட்டவே இரு படைகள் பொருதுவது தும்பை. மலையும் காடும் கழனியும் இடையூறாகும். மணல் பரந்த வெளியே அதற்குக் களம் என்பது உரையாசிரியர் விளக்கம். 1990இலும் 2007இலும் இவ்வாவியின் கரைகளில் நடந்த போர்களைச் செய்தியாக எழுதியவனுக்கு இது வெறும் இலக்கணமாகத் தெரிவதில்லை. 2007இல் மட்டும் இம்மாவட்டத்தில் இடம்பெயர்ந்திருந்தோர் இலட்சத்துக்கும் அதிகம். அவர்களுக்குத் திணை வகுத்தவர் எவருமில்லை.

இச்செடிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1638இல் ஒல்லாந்தர் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1672இல் அவர்களது கம்பனியின் மருத்துவராக இலங்கை வந்த பவுல் ஹெர்மன், செடிகளைச் சேகரித்து உலர்த்தி ஏடுகளில் ஒட்டினார். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழிந்தபின் அவ்வேடுகள் சுவீடனில் லின்னேயசின் கைக்கு எட்டின. அவற்றைக் கொண்டு 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதியவர், 1753இல் நம் தும்பைக்கு இலங்கையின் பெயரையே அடைமொழியாகச் சூட்டினார். இன்றைய பெயர் லியூகாஸ் செய்லானிக்கா. 'லியூகாஸ்' வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஏடுகள் லண்டனில் இருக்கின்றன. ஹெர்மன் கேட்டெழுதியவை பெரும்பாலும் சிங்களப் பெயர்களே. அதனால் பெரிய நட்டமில்லை. சிங்களத்திலும் இது 'தும்ப' தான்.

வளவில் வளர்க்க விரும்புவோர் நாற்றுப் பிடுங்கி நட வேண்டாம். முற்றிய கொத்துகளைத் தாளில் உதறினால் போதும். ஒவ்வொரு பூவின் புல்லிக் கிண்ணத்திலும் நான்கு விதைகள் வரை இருக்கும். ஐப்பசி மழைக்கு முன், வெயில் படும் வெறும் மணலில் தூவி, மெல்லக் கையால் அழுத்திவிடுங்கள். ஆழப் புதைக்கவோ எருவிடவோ தேவையில்லை. சீமெந்து போட்ட முற்றமென்றால் வேலியோரம் ஒரு முழ நிலம் போதும். பூவைச் சிவனுக்குச் சாத்தலாம். கடைசிக் கொத்துகளை மட்டும் செடியிலேயே காயவிடுங்கள். மறு மாரிக்கு அவை வேண்டும்.