குத்துச்சண்டை நடுவர்கள்: பயிற்சியும் கண்காணிப்பும்

அமெச்சூர் குத்துச்சண்டையில் வளையத்துக்குள் நிற்பவர் ரெஃப்ரி. வெளியே அமர்ந்து புள்ளி இடுபவர்கள் ஐந்து ஜட்ஜுகள். ரெஃப்ரி புள்ளி இடுவதில்லை. அடிபட்டவரால் தொடர முடியுமா என்று கணநேரத்தில் முடிவுசெய்வதே அவருடைய முதல் கடமை. 'பாக்ஸ்', 'ஸ்டாப்', 'பிரேக்' என்ற மூன்று கட்டளைகள், எட்டு வரை எண்ணுவது, ஒவ்வொரு தவறுக்கும் உரிய சைகை ஆகியவை பயிற்சியின் அரிச்சுவடி. எண்ணும்போது விரல்களை அடிபட்டவரின் கண்ணெதிரே நீட்டிக் காட்டுவார். பார்வை நிலைக்கிறதா, கால் தள்ளாடுகிறதா, கைகள் காப்பு நிலைக்கு உயர்கின்றனவா என்பதை எட்டு எண்ணி முடிப்பதற்குள் அவர் கண்டுகொள்ள வேண்டும்.

உலக அமைப்பான ஏ.ஐ.பி.ஏ. 1946-இல் லண்டனிலும், இந்திய அமெச்சூர் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு 1949-இலும் தோன்றின. இந்தியாவில் கையுறை மாட்டும் சிறுவன் முதலில் சந்திப்பது உள்ளூர், மாநில அளவிலான நடுவர்களைத்தான். அவர்கள் தேர்வெழுதி தேசிய நிலைக்கும், பிறகு நட்சத்திரத் தகுதி பெற்று சர்வதேச நிலைக்கும் உயர்கிறார்கள்.

பயிற்சி இருந்தது, கண்காணிப்பு போதவில்லை. அந்தக் குறை 1988 சியோல் ஒலிம்பிக்கில் வெளிப்பட்டது. தலையால் முட்டியதற்காகத் தென்கொரிய வீரர் பியூன் ஜோங்-இல்லின் புள்ளிகளைக் குறைத்தார் நியூசிலாந்து ரெஃப்ரி கீத் வாக்கர். பயிற்சியாளர்கள் வளையத்துக்குள் பாய்ந்து அவரைத் தாக்கினார்கள். பியூன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வளையத்திலேயே அமர்ந்திருந்தார். அதே போட்டிகளில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளை இறக்கியும், 32 மட்டுமே இறக்கிய பார்க் சி-ஹுன் 3-2 என வென்றதாக அறிவிக்கப்பட்டார்.

அதன் விளைவாகக் கணினி வந்தது. ஐந்து ஜட்ஜுகளில் மூவர் ஒரு நொடிக்குள் பொத்தானை அழுத்தினால் ஒரு புள்ளி. 1992 முதல் 2012 வரை ஒலிம்பிக்கில் குத்துகளைப் பொத்தானால் எண்ணும் முறை நீடித்தது. பட்டெனத் தெரியும் ஒற்றைக் குத்துகள் பதிவாயின. நெருக்கத்தில் வயிற்றில் விழுந்த அடிகள் பல தப்பின. ரெஃப்ரியின் பிழைக்குப் பொத்தானிடம் மருந்தும் இல்லை. 2012 லண்டனில் இந்தியாவின் விகாஸ் கிருஷண் 13-11 என எரால் ஸ்பென்ஸை வென்றார். மூன்றாம் சுற்றில் அவர் ஒன்பது முறை எதிராளியைப் பிடித்ததையும், இரண்டாம் சுற்றில் பற்காப்பைத் துப்பியதையும் ரெஃப்ரி தண்டிக்கவில்லை என்று அமெரிக்கா முறையிட, முடிவு 15-13 எனத் திரும்பியது. தவறவிட்டவர் ரெஃப்ரி; வென்றதாக நம்பியிருந்த வீரர் வெளியேறினார். இந்த வகைப் பிழையைப் பயிற்சியாலும் உடனடி மேற்பார்வையாலும் மட்டுமே தடுக்க முடியும்.

2013-இல் சுற்றை வென்றவருக்குப் பத்துப் புள்ளி தரும் முறை வந்தது. 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டியில் அரையிறுதித் தோல்வியை ஏற்காத இந்தியாவின் சரிதா தேவி, பரிசளிப்பு மேடையில் வெண்கலத்தை மறுத்தார். அவருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. தீர்ப்பை எதிர்க்க முறையான வழி போதாதபோது வீராங்கனையை மட்டும் தண்டித்தது நியாயமாகத் தோன்றவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் பின் அங்கே பணியாற்றிய 36 நடுவர்களும், தீர்ப்புகள் பற்றிய விசாரணை முடியும்வரை ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். 2021-இல் வெளியான விசாரணையாளர் ரிச்சர்ட் மெக்லாரனின் அறிக்கை, வேண்டியவர்களைப் பார்த்து நடுவராக்கியதே முறைகேட்டின் வழி என்று காட்டியது. அதாவது, நோய் புள்ளி முறையில் இல்லை, நியமனத்தில் இருந்தது. அதன்பின் உலகப் போட்டி நடுவர்களின் பின்னணியும் ஆராயப்பட்டது.

ஆனாலும் நேர்மையான தீர்ப்புகூட வீரருக்குப் புரியாமல் போகலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் கொலம்பியாவின் இன்கிரிட் வலென்சியாவுடனான சண்டையில் கடைசி இரு சுற்றுகளிலும் ஐவரில் மூவர் இந்தியாவின் மேரி கோமுக்கே சாதகமாக எழுதினார்கள். முதல் சுற்றில் நால்வர் எதிராளிக்குத் தந்திருந்ததால், ஒவ்வொரு ஜட்ஜின் கூட்டலையும் தனித்தனியே பார்த்தபோது முடிவு 3-2 என வலென்சியாவுக்குப் போனது. தான் வென்றதாகவே மேரி கோம் எண்ணியிருந்தார்.

தில்லி இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கில் இந்த மாற்றங்களை நேரிலேயே காண முடிந்தது. 2018 மகளிர் உலகப் போட்டியில் இந்தியாவின் சோனியா சாஹலிடம் தோற்ற பல்கேரியாவின் ஸ்டானிமிரா பெட்ரோவா தீர்ப்பை வெளிப்படையாகக் கண்டித்தார். வளையத்தை நோக்கிப் பாட்டில் எறிந்த அவருடைய பயிற்சியாளரின் அனுமதி அட்டை பறிக்கப்பட்டது. 2023-இல் மகளிர் உலகப் போட்டி தில்லிக்குத் திரும்பியபோது மறுஆய்வு முறை இருந்தது. ஐந்து ஜட்ஜுகளின் தீர்ப்பு நெருக்கமாகப் பிளவுபட்டால், மேற்பார்வையாளர் இருவரின் மதிப்பெண்ணும் சேரும். இறுதிப் போட்டிகளில் ஸ்வீட்டி பூரா 4-3 எனவும், லவ்லினா போர்கோஹைன் 5-2 எனவும் தங்கம் வென்றது இப்படித்தான். கூட்டினால் ஏழு வருவதைக் கண்டு குழம்பியவர்களுக்கு விடை, அந்த இரு கூடுதல் கண்கள்.

ஜட்ஜுகளைக் கவனிக்க ஆளிருக்கிறார் என்ற நம்பிக்கை தோற்றவருக்கும் தேவை. அது உலக மேடையோடு நிற்காமல், பதின்வயதினர் மோதும் மாவட்டப் போட்டிகளுக்கும் இறங்கி வர வேண்டும். அடி வாங்கும் தலைக்கு அங்கே அனுபவமும் குறைவு.

கண்காணிக்க வேண்டிய உலக அமைப்பே இதற்கிடையே மாறியது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2023-இல் பழைய உலக அமைப்பின் அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. இந்தியக் கூட்டமைப்பு 2024-இல் 'வேர்ல்ட் பாக்ஸிங்' என்ற புதிய அமைப்பில் சேர்ந்தது. 2025 மார்ச்சில், 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டைக்கு மீண்டும் இடம் உறுதியானது.