கடற்கரையில் எழுந்த கேள்வி

சுயராஜ்யம் வந்தால் கூலி உயருமா? ஒரு காலத்தில் தேசபக்தர்களிடம் இப்படிக் கேட்பதே அபசாரம். முதலில் வெள்ளைக்காரன் தொலையட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள்.

வெள்ளைக்காரனே முதலாளியாக இருந்த இடத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்காக முன்னே நின்றார்கள். ஆலை ஹார்வி கம்பெனியுடையது. ஆகவே கூலிக்குப் பேசுவதும் தேசத்துக்குப் பேசுவதும் ஒன்றாகவே இருந்தன. கூலி உயர்ந்தது; மார்ச் மாதமே தலைவர்கள் சிறை புகுந்தார்கள். சரி, ஆலை நம்மவருடையதாக இருந்தால்?

அந்தக் கேள்வியைச் சென்னையில் கூசாமல் எழுப்பியவர் சிங்காரவேலர். மயிலாப்பூர் வக்கீல்கள் காங்கிரஸில் கோலோச்சிய ஊர் இது. சிங்காரவேலரும் வக்கீல்தான், ஆனால் மீனவர் குடும்பத்தில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது, 1921-இல், தம் வக்கீல் அங்கியையே கொளுத்திவிட்டார். 1922 டிசம்பரில் கயா காங்கிரஸில் தம்மைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லிக்கொண்டே தொழிலாளிக்காகப் பேசினார். 1923 மே முதல் தேதி, ஹைகோர்ட்டுக்கு எதிர்க் கடற்கரையில் ஒரு கூட்டம், திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒரு கூட்டம். இந்தியாவில் நடந்த முதல் மே தினம் அதுதான். ஹிந்துஸ்தான் லேபர் கிஸான் கட்சியும் அன்றே பிறந்தது. அப்போது அவருக்கு வயது 63!

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காங்கிரஸை விட்டு விலகுங்கள் என்று அவர் தொழிலாளியிடம் சொல்லவில்லை. அந்தக் காங்கிரஸுக்குள்ளேயே உழைப்பவனுக்கும் ஓர் இடம் கேட்டார்.

இடம் மெள்ளத்தான் கிடைத்தது. 1931-இல் கராச்சி காங்கிரஸ், தொழிலாளிக்கு வாழ்க்கைக்குப் போதுமான கூலி வேண்டும் என்று தீர்மானித்தது. 1955 ஜனவரியில், சென்னையை அடுத்த ஆவடியிலேயே, சோஷலிஸ பாணிச் சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது. சிங்காரவேலர் அதைக் காணவில்லை, 1946-இலேயே காலமாகிவிட்டார். கடற்கரைக் கூட்டத்துக்கும் ஆவடித் தீர்மானத்துக்கும் நடுவே 32 வருஷங்கள்.

கூலியைப் பற்றிப் பேசினால் தேசத்தின் ஒற்றுமை குலையும் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேசத்துக்காக அடிபட்டவர்களில் கஞ்சிக்கு வழியில்லாதவனும் ஒருவன். இந்தத் தேசத்தில் எனக்கு என்ன பங்கு என்று அவன் கேட்டால், அது துரோகமல்ல. தேசம் தனக்கும் சொந்தம் என்று அவன் நம்புகிறான் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?