143 பேரில் ஒரு பெண்கூட இல்லை

ரத்தக்கொதிப்பைப் பெண்ணுடல் தாங்கிக்கொள்ளும், ஆணுக்குத்தான் ஆபத்து என்ற எண்ணம் மருத்துவர்களிடையே நெடுநாள் இருந்தது. அதற்கு ஆதாரம் எங்கே என்று பழைய மருத்துவ இதழ்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஒவ்வொரு கட்டுரையும் தனக்கு முந்தியதைக் கைகாட்ட, தேடல் 1967 டிசம்பர் 'ஜாமா' இதழில் போய் முட்டியது.

அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃப்ரைஸ் நடத்திய ஆய்வு அது. பிரஷர் மாத்திரை உயிர் காக்கும் என்று மருத்துவ உலகை ஏற்கவைத்தது. டயஸ்டாலிக் அழுத்தம் 115 முதல் 129 வரை இருந்தவர்களில் 70 பேருக்கு வெற்று மாத்திரை. அவர்களிடையே 27 கடும் பாதிப்புகள், 4 சாவுகள். மருந்து பெற்ற 73 பேரில் பாதிப்பு 2, சாவே இல்லை. மலைக்கவைக்கும் வெற்றிதான். ஆனால் 143 பேருமே ஆண்கள். 1970இல் வந்த தொடர்ச்சியிலும் 380 ஆண்கள். படைவீரர் மருத்துவமனையில் வேறு யார் இருப்பார்கள் என்று விட்டுவிடலாம். பின்னர் வந்த 'எம்ஆர்ஃபிட்' ஆய்வோ பொதுமக்களிடமிருந்து 12,866 பேரைப் பொறுக்கியது, அவர்களும் ஆண்களே.

பெண்கள் பெருந்திரளாக இருந்த ஆய்வு ஒன்று 1985இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் கிடைத்தது. 17,354 பேர், இருபாலரும். சாவுக் கணக்கில் கண் நின்றது: மருந்தெடுத்த ஆண்களில் 157, எடுக்காதவர்களில் 181. பெண்களிலோ மருந்தெடுத்தவர்களில் 91, எடுக்காதவர்களில் 72. பெண்களுக்கு மாத்திரையால் பயனுண்டா என்ற ஐயத்துக்கு இந்த வரி தீனி போட்டது. நடுவயதுப் பெண்களிடையே நேர்ந்த இத்தனை குறைந்த சாவுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்வதே தவறு என்பேன். 1997இல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்து, 20,802 பெண்களின் தரவை அலசியபோதுதான் விடை கிடைத்தது: மருந்தால் ஆபத்து குறையும் விகிதத்தில் ஆண், பெண் வேறுபாடு தென்படவில்லை.

மருந்து இருவரையும் ஒன்றுபோலக் காக்கிறது. அழுத்தம் ஏறும் விதம்தான் ஒன்றல்ல. இளமையில் ஈஸ்ட்ரோஜன் ரத்தக்குழாய்ச் சுவரில் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கத் தூண்டிக் குழாயைத் தளர்த்துகிறது. பெண்களின் அளவு தாழ்வாகத் தொடங்க இதுவும் ஒரு காரணம். மாதவிலக்கு நின்ற பிறகே ஏறும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். 32,833 பேரின் 43 ஆண்டு அளவீடுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு ஆய்வு வேறு கதை சொல்கிறது: இருபதுகளிலேயே பெண்களின் கோடு ஆண்களுடையதைவிடச் செங்குத்தாக ஏறத் தொடங்கிவிடுகிறது.