அப்பாயியும் பழனி ரோப் காரும்

எங்க அப்பாயி ஊர் குன்றாண்டார்கோவில். புதுக்கோட்டை மாவட்டம், கீரனூர் பக்கம். பேர்லயே குன்று இருக்கு, ஆனா சாமி கும்பிட மேல ஏற வேணாம். 8ஆம் நூற்றாண்டுல அடிவாரப் பாறையையே குடைஞ்சு சிவனுக்குக் கோவில் ஆக்கிட்டாங்க. முன்னாடி இருக்கிற விஜயநகர காலத்து மண்டபம், குதிரையும் சக்கரமும் வச்ச கல் தேர் மாதிரி நிக்கும்.

அப்படி ஒரு ஊர்ல பிறந்தவங்க வருஷா வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தாங்க. அங்க சாமி உச்சியில, 693 படி. முட்டி போனதும் அப்பாயி நிறுத்திட்டாங்க. ரோப் கார்ல போலாமேன்னு கேட்டா ஒரே பதில்: "படி ஏறாமப் போனா அது கணக்குல சேருமாப்பா?"

இந்தக் கேள்வி ரோப் காரோட பிறந்தது இல்ல. ஏற முடியாதவங்களை டோலியில உக்கார வச்சு ஆளுங்க தோள்ல சுமந்த காலம் உண்டு. அப்ப நோகுறது பக்தரோட கால் இல்ல, இன்னொருத்தரோட தோள். அதை யாரும் கணக்குக் கேட்ட மாதிரி தெரியல. 1966ல தண்டவாளத்துல கம்பிவடம் இழுக்கிற வின்ச் வந்துச்சு. 2004 நவம்பர்ல ரோப் கார். நாலு பெட்டி மேல ஏறும்போது எதிர்ப்பக்கம் நாலு பெட்டி கீழ இறங்கும். இறங்குற எடை ஏறுற எடைக்குக் கை கொடுக்கும், நம்ம கிணத்து ராட்டினத்துல ரெண்டு வாளி கட்டுற கதைதான்.

பயம் இல்லாமலும் இல்ல. 2007ல நடந்த விபத்துல உயிர்கள் போச்சு, சேவையே நின்னு போச்சு. இன்னிக்கும் காத்து பலமா அடிச்சா நிறுத்திடுவாங்க. பராமரிப்புக்கு தினமும் கொஞ்ச நேரம், வருஷத்துல சில வாரம் ஓடாது. அப்படியும் 2024ல சோளிங்கர், அய்யர்மலைன்னு அடுத்தடுத்து ரோப் கார் வந்துடுச்சு. மலைக்கோவில்னா இனி முதல்ல கேக்குறது அதைத்தான்.

கடைசியில அப்பாயியை ஒருவழியா சம்மதிக்க வச்சோம். நேரா ரோப் கார் நிலையத்துக்குப் போக விடல. முதல்ல பாத விநாயகர்கிட்ட தேங்காய் உடைச்சு, முதல் படியைத் தொட்டுக் கண்ல ஒத்திக்கிட்டாங்க. அப்புறம்தான் கிரிவீதி சுத்தி வரிசைக்கு வந்தாங்க. பெட்டியில ஏறினதுலேருந்து என் கையை விடவே இல்ல. மேல இறங்கினதும் திரும்பிக் கீழ பார்த்துட்டுக் கேட்டாங்க: "இவ்வளவுதானாடா?"