ஆஃப்-ரோடு போட்டி: பதிவுக்கு முன் அனுமதியைக் கவனியுங்கள்

மழைக்காலக் கோவாவின் சேற்றிலும் ஓடைகளிலும் நடத்தப்படும் 'ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்' 1997-இல் மலேசியாவில் தோன்றி, 2014-இல் இந்தியாவுக்கு வந்தது. இதில் நான்கு சக்கர இயக்க வாகனத்துடன், ஓட்டுநரும் இணை ஓட்டுநரும் கொண்ட இருவர் அணியே பங்கேற்க முடியும்.

பதிவுக்குப் பின் வாகனச் சோதனை நடைபெறும். ரோல் கேஜ், இருக்கைப் பட்டை, தலைக்கவசம், தீயணைப்பான், இழுவைக் கொக்கி, வின்ச் ஆகியவை பரிசோதிக்கப்படும். வின்ச் கம்பியை மரத்தில் நேரடியாகச் சுற்றக் கூடாது; அகன்ற பட்டை வழியாகவே பிணைக்க வேண்டும். அறுந்த கம்பி சாட்டையாய்த் திரும்பும் என்பதால், சேற்றில் இறங்கிக் கொக்கியை மாட்டும் இணை ஓட்டுநருக்கே ஆபத்து அதிகம்.

எனினும் பலர் கவனிக்கத் தவறுவது அனுமதியைத்தான். மாநில அரசின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றிப் பொது இடத்தில் நடைபெறும் பந்தயத்தில் பங்கேற்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். நடத்துபவர் மட்டுமல்ல, ஓட்டுபவரும் பொறுப்பாவார். 2022-இல் கேரளத்தின் வாகமண் தேயிலைத் தோட்டத்தில் ஜீப் ஓட்டிய மலையாள நடிகர் ஒருவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது நினைவிருக்கலாம்.

தனியார் நிலம் என்ற அமைப்பாளரின் வாய்மொழி உறுதி போதாது. அனுமதிக் கடித நகலைக் கேட்டுப் பெறுவதே முறை. வனவிலங்குச் சரணாலயம் எனில் வனத்துறை அனுமதியும் வேண்டும்.

உற்பத்தியாளரின் வடிவமைப்புக்கு மாறாக மாற்றப்பட்ட வாகனங்களைச் சாலையில் ஓட்ட 52-ஆவது பிரிவு இடம் தருவதில்லை. அவற்றைப் போட்டித் திடலுக்கு டிரெய்லரில் ஏற்றியே கொண்டு செல்ல வேண்டும்.