பழைய பறவை நூல்களும் அவற்றுள் மறைந்த மனிதரும்

நூல்களைத் திரட்டுவோர் இருவகையினர். பொருளை நாடிச் சேர்ப்போர் ஒரு சாரார். அழகையும் அருமையையும் நாடிச் சேர்ப்போர் மற்றொரு சாரார். 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் வெளிவந்த பறவை நூல்கள் இவ்விரு சாராரையும் ஒருங்கே கவர்ந்தன. ஒளிப்படக் கலை நூல்களிற் புகுவதற்கு முற்பட்ட அக்காலத்தே, பறவையின் உருவைச் செப்புத்தகட்டிற் செதுக்கியோ கல்லில் வரைந்தோ அச்சிட்டு, ஒவ்வொரு தாளுக்கும் கையால் வண்ணந் தீட்டினர். அதனால் அந்நூல்கள் சில நூறு படிகளாகவே வெளிவந்தன. விலையும் செல்வர்க்கே எட்டுவதாயிற்று. காலஞ் செல்லச் செல்ல அவை அரும்பொருள்களாயின. ஆயினும் அவற்றின் மதிப்பு வண்ணப் படங்களோடு முடிந்துவிடுவதன்று. பறவையைக் கண்டவர், பிடித்துக் கொணர்ந்தவர், வரைந்தவர், பெயர் சொன்னவர் எனப் பலருடைய வரலாறு அவற்றுட் பொதிந்து கிடக்கின்றது. அவ்வரலாறு பெரும்பாலும் படத்தில் இல்லை; படத்தை அடுத்த எழுத்திலேயே உள்ளது. நூல் திரட்டுவோர் இவ்வுண்மையை உணர்ந்தனரா இல்லையா என்பதைப் பொறுத்தே பல மனிதரின் பெயர்கள் நிலைத்தன, பல மறைந்தன.

இவ்வகை நூல்களுள் மிகப் புகழ் பெற்றது ஜோன் ஜேம்ஸ் ஓடுபன் 1827 முதல் 1838 வரை வெளியிட்ட 'அமெரிக்கப் பறவைகள்' என்பதாம். 435 படத்தாள்களைக் கொண்ட இந்நூலிற் பறவைகள் யாவும் இயற்கைப் பருமனிலேயே காட்டப்பட்டன. இதன் முழுமையான படிகள் இன்று ஏறத்தாழ 120 மட்டுமே எஞ்சியுள்ளன. 2010ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு படி 70 இலட்சம் பவுணுக்கு மேல் விலை போயிற்று. ஆனால் இப்படத்தாள்களில் விளக்கவுரை இல்லை. எழுத்தோடு கூடிய நூலாயின் பிரித்தானியச் சட்டப்படி குறித்த சில நூலகங்களுக்கு இலவசப் படிகள் அளிக்க வேண்டியிருந்தது. அச்செலவைத் தவிர்க்கக் கருதிய ஓடுபன், உரையைத் தனியே 5 தொகுதிகளாக 1831 முதல் 1839 வரை வெளியிட்டார். அவ்வுரையிற் பறவைகளோடு அமெரிக்க எல்லைப்புற மக்களின் வாழ்வும் விரிவாகப் பேசப்படுகின்றது. இவ்வாறு பறவை ஒரு நூலிலும் மனிதர் மற்றொரு நூலிலுமாகப் பிறப்பிலேயே பிரிந்தனர். திரட்டுவோர் விரும்பியது முன்னதையே. பல படங்களிற் செடிகொடிகளை வரைந்த ஜோசப் மேசன் என்னும் இளைஞரின் பெயரோ படத்தாள்களிற் பொறிக்கப்படவில்லை.

பிற்காலத்தில் இப்பிரிவு மேலும் வளர்ந்தது. முழு நூலை ஒருவர்க்கு விற்பதினும், தாள்களைத் தனித்தனியே பிரித்துச் சட்டமிட்டுப் பலர்க்கு விற்பது மிகுந்த வருவாய் தருவதெனச் சில வணிகர் கண்டனர். அதன் விளைவாகப் பழைய பறவை நூல்கள் பல சிதைவுற்றன. சுவரில் மாட்டப்பட்ட படம் அழியாது நிற்கலாம். ஆயின் அதனைச் சார்ந்த உரை எங்கோ போய் மறைந்துவிடுகின்றது. அவ்வாறு மறைவது எத்தகையது என்பதற்கு இலங்கைப் பறவை நூல்களின் வரலாறே தக்க சான்று தரும்.

1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தத் தேசாதிபதியாக இருந்த யோன் கிதியோன் லோட்டன் இயற்கைப் பொருள்களில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். கொழும்பிற் பிறந்த கலப்பு மரபினரான பீற்றர் கொர்னேலிஸ் டி பெவர் என்னும் ஓவியரைக் கொண்டு இந்நாட்டுப் பறவைகளையும் விலங்குகளையும் அவர் வரைவித்தார். பதவி முடிந்து ஐரோப்பா திரும்பிய லோட்டன் அவ்வோவியங்களை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். தோமஸ் பெனன்ற் 1769இல் வெளியிட்ட 'இந்திய விலங்கியல்', பீற்றர் பிரவுன் 1776இல் வெளியிட்ட விலங்கியற் படநூல் ஆகியவற்றுக்கு அவை துணையாயின. நீண்டு வளைந்த அலகுடைய தேன்சிட்டொன்றுக்கு 1766இல் லின்னேயசு லோட்டனின் பெயரையே சூட்டினார். ஓவியர் டி பெவரோ நெடுங்காலம் பின்னிலையிலேயே நின்றார். இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிலும், ஒல்லாந்தின் ஹார்லெம் நகரிலுள்ள டெய்லர் நூதனசாலையிலும் மூல ஓவியங்கள் பேணப்பட்டமையாலேயே பிற்கால ஆராய்ச்சியாளர் அவருடைய பணியை மீட்டுரைக்க முடிந்தது.

இதனினும் யாழ்ப்பாணத்தார்க்கு அணுக்கமானது முத்து என்பவரின் வரலாறு. 1846இல் இலங்கைக்கு வந்த எட்கர் லெயாட் இங்கு அரசாங்க சேவையில் இருந்தவாறே பறவைகளைத் திரட்டினார். அவர் இலங்கைப் பறவைகள் பற்றி எழுதிய தொடர் கட்டுரை 1853, 1854ஆம் ஆண்டுகளில் இலண்டனின் இயற்கை வரலாற்று இதழொன்றில் வெளிவந்தது. அதிற் பருத்தித்துறையிற் கிடைத்த ஈப்பிடிப்பான் ஒன்றைப் புதிய இனமென விவரித்த லெயாட், அதற்குத் தம் பணியாளரான முத்துவின் பெயரைச் சூட்டினார். அப்பறவையைக் கொணர்ந்தவர் முத்துவே என்பதையும், தாம் பெற்ற சிறந்த பறவைகள் பலவற்றுக்கு அவருடைய பொறுமையும் வேட்டைத் திறனுமே காரணம் என்பதையும் அங்கே மறவாது குறித்துள்ளார். இன்றும் அப்பறவையின் அறிவியற் பெயர் 'மஸ்கிகாப்பா முத்துயி' என்பதேயாம். ஆங்கிலத்தில் அதற்கு 'லெயாட்டின் ஈப்பிடிப்பான்' என்றொரு பெயர் வழங்கியதுண்டு. ஆக, உலக வழக்கு எசமானரை நினைந்தது. அறிவியற் பெயர் ஏவலாளரை நினைந்தது. 'முத்துயி' என்பது யாரைக் குறிப்பதென இன்று ஒருவர் வினவின், பறவைப் படம் விடை தராது. லெயாட்டின் எழுத்தே விடை தரும். வண்ணப் படங்களால் விலையேறாத அப்பழைய இதழ்த் தொகுதியை எவரோ பேணி வைத்தமையாற்றான் ஒரு தமிழ்ப் பணியாளரின் பெயர் காரணத்தோடு நிலைத்துள்ளது.

லெயாட்டுக்குப் பின் 1868 முதல் 1877 வரை படைச் சேவையில் இலங்கையிலிருந்த வின்சென்ற் லெக், 1878 முதல் 1880 வரை 'இலங்கைப் பறவைகளின் வரலாறு' என்னும் பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1200 பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூலுக்கு கோயிலமன்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓவியர் படம் வரைந்தார். திரட்டுவோர் அப்படங்களுக்காகவே நூலைத் தேடினர். ஆனால் லெக் பறவைகளின் சிங்களப் பெயர்களையும் இந்நாட்டுத் தமிழர் வழங்கிய பெயர்களையும் தமக்குக் கிடைத்தவரை குறித்துச் சென்றார். அக்குறிப்புகள் வயலிலும் கடற்கரையிலும் வாழ்ந்த மக்களின் வாய்மொழியாகும். பறவையியலார்க்கேயன்றி மொழியாராய்ச்சியாளர்க்கும் அவை பயன்படுவன. படங்களை மட்டும் பிரித்தெடுத்தார்க்கு இச்செல்வம் கிட்டாது.

திரட்டுவோர் அனைவரும் படத்தோடு அமைந்தவரல்லர். கனடாவைச் சேர்ந்த கண் மருத்துவர் கேசி வுட், மொன்றியல் நகரிலுள்ள மக்கில் பல்கலைக்கழகத்திற்காகப் பறவை நூல்களைத் தேடித் திரட்டினார். 1924இல் இலண்டன் வணிகர் ஒருவரிடம் இந்தியப் பறவைகளின் ஓவியத் தொகுதியொன்றை அவர் கண்டார். அழகிய படங்களை வாங்கியதோடு அமையாது, அவற்றை வரைந்தவர் யாரென ஆராயப் புகுந்தார். 1801 முதல் 1807இல் இறக்கும்வரை மதராஸில் வாழ்ந்த நீதியரசரின் மனைவி எலிசபெத் குவில்லிம் அம்மையாரே அவ்வோவியர் என 1925இல் எழுதி வெளிப்படுத்தினார். 121 பறவை ஓவியங்கள் இன்று மக்கில் நூலகத்தில் உள்ளன. அம்மையாரும் அவர்தம் தங்கையும் மதராஸிலிருந்து எழுதிய கடிதங்கள் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. இவ்விரண்டையும் அறிஞர் ஒருங்கு வைத்து ஆராய்ந்தபோது, பறவைகளோடு அக்கால மதராஸ் மக்களின் வாழ்வும் துலங்கிற்று. ஓடுபனின் நூலிற் பிறப்பிலேயே நேர்ந்த பிரிவு இங்கே ஆராய்ச்சியால் நீங்கியது எனலாம்.

நூலைக் காத்தல் என்பது அழகிய தாளைக் காத்தல் மட்டுமன்று என்பது இவற்றால் இனிது விளங்கும். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவ்விழப்பைக் கண்ட மக்களுக்கு முழு நூலின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. லெக்கின் நூல் 1983இல் மறுபதிப்புப் பெற்றது போலப் பழைய நூல்கள் உரையோடு முழுமையாக மீண்டும் அச்சேறுதல் நன்று. பழைய இல்லங்களிலும் கல்லூரி நூலகங்களிலும் இத்தகைய நூல் கிடைப்பின், அதன் படங்களைப் பிரிக்காமலும், ஓரங்களில் முன்னோர் எழுதிய குறிப்புகளை அழிக்காமலும், வைத்திருந்தவர் பெயரெழுதிய முகப்புத்தாளை நீக்காமலும் பேணுதல் வேண்டும். படமில்லை என்பதற்காகப் பழைய இதழ்த் தொகுதிகளைக் கழித்தலும் ஆகாது. அவற்றின் ஏதோவொரு பக்கத்தில் இன்னுமொரு முத்துவின் பெயர் வாசிப்பாரை எதிர்நோக்கியிருத்தல் கூடும்.